ஷர்மிளா சாப்பிடும் கடை

ஆவடி,
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கரன் வணக்கம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் காது இரைச்சல் குறைந்ததா, புது மிஷின் காதில் நிற்கிறதா என்று எழுது. தினகரன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஃபோனில் பேசினால் உனக்குக் காதில் விழுவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் மகன் தினகரன் அதைக் கூடத்தில் உட்கார்ந்து செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கிறான். அதனால்தான் தபால். இது நமக்குள் இருக்கட்டும்.

ஷர்மிளாவை டிஸ்சார்ஜ் செய்து பதினான்கு நாள் ஆகிறது. நம் குவார்ட்டர்ஸுக்கு வரவில்லை. மாங்காட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ திண்டுக்கல் பஸ் ஏறிய மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன் அல்லவா, மூன்று நாள் டிரிப்ஸ். ஏற்கெனவே ஒல்லி; இப்போது கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தவித்தாள்.

போன வருஷம் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னதுதான். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. அதில் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறதாம். ஒரு துளி போனாலும் அவளுடைய குடல் அதை எதிரி என்று நினைத்துத் தன்னையே அரித்துக்கொள்ளுமாம். நீ அதைப் பணக்கார வியாதி என்றாய். நானும் சிரித்தேன். கல்யாண வீடுகளில் "எங்க வீட்டு மகாராணிக்குக் கோதுமை ஆகாது" என்று பந்தியில் உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் அந்தப் பூந்தமல்லி ஓட்டலால் வந்தது. நீ இருந்தபோது மூன்று பேரும் மத்தியானம் சாப்பிட்டோமே, அதேதான். அவனை நான் சும்மா விடப்போவதில்லை.

போன ஞாயிறு மாங்காடு போனேன். ஷர்மிளா வாசலுக்கு வந்தாள். "ஒரு கடை கண்டுபிடிங்க. நான் பயமில்லாம உட்கார்ந்து சாப்பிடற மாதிரி ஒரே ஒரு கடை. அங்க சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வர்றதைப் பத்திப் பேசலாம்" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். ஒரு கடைதானே. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை கடைக்கா பஞ்சம்? மாசி பிறப்பதற்குள் அழைத்து வந்துவிடுவேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

தம்பி,
பாஸ்கரன்


திண்டுக்கல்,
18.2.2025

சிரஞ்சீவி பாஸ்கரனுக்கு அக்கா பார்வதம் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். காது மிஷின் விசிலடிக்கிறது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். சர்க்கரை நூற்று அறுபதில் நிற்கிறது. டாக்டர் ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் சம்பா கோதுமைக் கஞ்சி என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஊரெல்லாம் டாக்டர்கள் கோதுமை சாப்பிடு என்கிறார்கள். உன் பெண்டாட்டியின் டாக்டர் மட்டும் எந்த ஊரில் படித்தாரோ.

நீ சொல்வதுபோல் அந்தப் பூந்தமல்லி ஓட்டலாகத்தான் இருக்கும். எனக்கும் அன்றைக்கு வயிறு மந்தமாகவே இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சண்டை போடாதே. நடந்தது நடந்துவிட்டது.

பெண்டாட்டியை அழைத்துவரக் கடை கடையாக அலைகிற புருஷனை நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, மடியில் ஒரு குழந்தை இல்லை. உடம்பில் சத்து இருந்தால்தானே தங்கும்? அதை யோசிக்கச் சொல் அவளை. நான் ஏதாவது சொன்னால் நாத்தனார் கொடுமை என்பார்கள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா


ஆவடி,
5.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம்தான், நாக்கைத் தவிர. உனக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதுவரை பதினொரு கடை பார்த்துவிட்டேன். ஃபேக்டரியில் என் வேலை என்ன? பாகத்தை அளந்து பார்த்து "சரி", "தள்ளு" என்று முத்திரை குத்துவது. அதே கண்ணோடு ஓட்டல்களுக்குள் போகிறேன். பதினொன்றும் தள்ளு.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு பெரிய சைவ ஓட்டல். வாசலில் குளிர்காற்று, சுவரில் ஆளுயரத் தாமரை. "கோதுமை, மைதா இல்லாம என்ன இருக்கு?" என்று கேட்டேன். சூப்பர்வைசர் பணிவாகக் குனிந்து, "சுகரா சார்?" என்றார். இல்லை, இது வேற என்றேன். "அப்ப சப்பாத்தி சாப்பிடுங்க சார், லைட்டா இருக்கும்" என்றார். கோதுமை இல்லாமல் கேட்டால் சப்பாத்தி! இன்னும் ஆறு கடையில் இதே பதிலை வேறு வேறு முகங்கள் சொல்லின.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடை. அடுப்பு வாசலிலேயே இருக்கிறது, அதனால் மறைக்க ஒன்றுமில்லை என்று நம்பிப் போனேன். மாஸ்டர் பரோட்டா மாவை விசிறி அடிக்கிறார். மைதாத் தூள் பறந்து பக்கத்திலிருக்கும் சட்னிச் சட்டியில் இறங்குகிறது. அவர் நெற்றி வியர்வையும் அதே வழியில் இறங்குகிறது. பரோட்டா எடுத்த கல்லைத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அதிலேயே தோசை ஊற்றினார். இன்னொரு கல் இல்லையா என்று கேட்டேன்.

"கல்லு ஒண்ணுதான் கீது சார். தோசைக்கு ஒண்ணு, பரோட்டாக்கு ஒண்ணுன்னு வெச்சிகினு குந்த இது இன்னா கலெக்டர் ஊடா?" என்றார்.

சரி, தோசை மாவிலாவது ஒன்றும் கலக்கவில்லையே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முறுகலா ஓணும்னு நீங்கதான கேக்குறீங்கோ. ஒரு பிடி மைதா போட்டாத்தான் முறுகும். அல்லா கடைலயும் அப்டித்தான். நான் சொல்டேன், அவன் சொல்ல மாட்டான், அவ்ளோதான்."

அக்கா, அங்கே நிற்க முடியவில்லை. அழுக்குக்காகக்கூட இல்லை, அழுக்கைக் கண்ணால் பார்க்கலாம். கலந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, தின்பவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புதான் குமட்டியது. வெளியே வந்து சாக்கடை ஓரம் நின்று துப்பினேன்.

வெயில் ஏறுகிறது. மோர் குடி.

தம்பி,
பாஸ்கரன்


திண்டுக்கல்,
14.3.2025

சிரஞ்சீவி பாஸ்கரனுக்கு ஆசீர்வாதம்.

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஓட்டல்காரன் உனக்கு என்ன விரோதியா? நாலு பேர் ருசியாகச் சாப்பிடட்டும் என்று ஒரு பிடி கூடக் குறையப் போடுவான். கெடுதல் நினைத்தா போடுகிறான்? அதற்குப் போய்த் துப்புவது, குமட்டுவது என்று எழுதியிருக்கிறாய். படிக்கவே நன்றாக இல்லை. இனிமேல் இந்த அசிங்கங்களை எழுதாதே.

டாக்டர் என்ன சொல்கிறார்? எதனால் இப்படி ஆனது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? தெரியாது என்றுதான் இங்கே நர்ஸ் ஒருத்தி சொல்கிறாள். நீ கேட்டு எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா


ஆவடி,
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். உன் உடம்பு எப்படி? முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அசிங்கங்களை எழுதாதே என்றாய். பார்க்காமல் இருந்தால்தானே எழுதாமல் இருக்க முடியும்? புது அசிங்கம் ஒன்று சொல்கிறேன். பெருங்காயம். கடையில் வாங்கும் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படி. பாதிக்கு மேல் கோதுமை மாவு. அப்படியென்றால் சாம்பார் போச்சு, ரசம் போச்சு, ஊறுகாய் போச்சு, நீர்மோர்கூடப் போச்சு. ஷர்மிளா வீட்டில் பெருங்காயத்தை நிறுத்தியபோது, ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். அவள் ஏன் என்று அன்றைக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

நீ வேண்டாம் என்றும் பூந்தமல்லி போனேன். கல்லாவில் சம்பந்தம் என்ற மேனேஜர். கத்தினேன். நாலு பேர் சாப்பாட்டை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைக் கத்தவிட்டு, பிறகு சொன்னார்: "அந்த அம்மாவ எனக்கு நல்லா ஞாபகம் கீது சார். அவங்களே சமையகட்டாண்ட வந்து ஒவ்வொண்ணா கேட்டாங்க. கடசீல வெறுஞ்சோறும் தயிரும் மட்டும்தான் வாங்கினாங்க. நீங்க ஃபோன பாத்துகினு இருந்தீங்க. தயிருல எங்க சார் வந்துச்சு கோதுமை?"

உண்மைதான். அவள் எழுந்து போய்க் கேட்டபோது எனக்கு மானம் போனது. அதனால்தான் ஃபோனைப் பார்த்தேன். தயிர்ச் சோறு தின்ற அதே மேஜையில் நீயும் நானும் சோலாப்பூரி தின்றோம். அதுவும் ஞாபகம் வந்தது.

டாக்டரைக் கேட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் இவ்வளவு ஆகாதாம். நாலைந்து நாளாவது, தினமும், நிறையவே உள்ளே போயிருக்க வேண்டும் என்கிறார்.

அக்கா, அந்த வாரம் வீட்டில் நீதான் சமையலறையில் இருந்தாய். என்னென்ன செய்தாய் என்று யோசித்து எழுதேன்.

தம்பி,
பாஸ்கரன்


ஆவடி,
11.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முன்பு எழுதியதற்குப் பதில் இல்லை. தினகரனிடம் ஃபோனில் கேட்டேன், அம்மா நன்றாக இருக்கிறார், கடிதம் வந்தது, தலையணைக்கு அடியில் இருக்கிறது என்றான். சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி.

ஞாயிறுதோறும் மாங்காடு போகிறேன். மாமியார் வனஜா அம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுப்பார். ஷர்மிளா கதவருகே நிற்பாள். போன வாரம் "எத்தனை கடை ஆச்சு?" என்றாள். இருபத்தாறு என்றேன். சிரித்துவிட்டாள், அக்கா. ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். சுகரா என்கிறார்கள், டயட்டா என்கிறார்கள், ஒருத்தன் என்னை உணவுத்துறை ஆள் என்று நினைத்து ஓடியே போய்விட்டான் என்றேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கூட ஒருத்தர் ஃபோனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், அதுதான் வித்தியாசம்" என்றாள்.

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடை. அரிசிச் சோறுதானே என்று ஃப்ரைட் ரைஸ் கேட்டேன். கறுப்பாக ஒன்றை ஊற்றினார்கள், சோயா சாஸ். அதிலும் கோதுமை. சிக்கன் பொரித்த எண்ணெயில் மைதாப் பொருக்குகள் கறுத்து மிதந்தன. எத்தனை நாள் எண்ணெய் என்று கேட்டதற்கு, "ஊத்திக்கினே இருப்போம் சார், தீந்து போனாத்தான பளசு" என்றான். இப்போதெல்லாம் ஓட்டல் வாசனை வந்தாலே தெருவைக் கடந்து போய்விடுகிறேன். நானே வீட்டில் சோறு வடித்து உப்புப் போட்டுத் தின்கிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுது. அந்த வாரம் என்ன சமைத்தாய்?

தம்பி,
பாஸ்கரன்


திண்டுக்கல்,
20.5.2025

சிரஞ்சீவி பாஸ்கரனுக்கு அக்கா ஆசீர்வாதம்.

இங்கே நல்ல மழை. நத்தத்து மாம்பழம் வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை, பார்க்கத்தான் முடியும். தினகரன் மாடியில் ஒரு அறை போடுகிறான், வீடெல்லாம் சிமெண்ட் தூசி. முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. பேரனுக்குப் பல் முளைக்கிறது, ராப்பகலாக அழுகிறான், நல்லவேளை எனக்குக் காது கேட்காது.

நீ கேட்டதற்குப் பதில். அவளுக்குத் தனியாக டப்பாக்கள் இருந்தன, பேர்கூட எழுதி ஒட்டியிருந்தாள். அவளுக்குச் செய்ததெல்லாம் அவளுடைய டப்பாவிலிருந்துதான் எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. இது சத்தியம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஆவடி,
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். மாடி அறை முடிந்ததா?

கடை கிடைத்துவிட்டது. முப்பத்து நாலாவது.

கள்ளிக்குப்பத்தில் சந்துக்குள் பூங்காவனம் என்ற அம்மாள் நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. காலையில் இட்லி, கேழ்வரகுக் கூழ். மத்தியானம் சோறு, மீன் குழம்பு, பூண்டு ரசம். பூரி இல்லை, பரோட்டா இல்லை, வடைகூட இல்லை. "ஒண்டி ஆளு நைனா நானு. மாவு பெசஞ்சிகினு, எண்ண காச்சிகினு நிக்க என்னால முடியாது" என்றார். கொள்கை ஒன்றும் இல்லை, சோம்பல்தான். அந்தச் சோம்பலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பெருங்காயம் போடுவீர்களா என்று கேட்டேன். "அந்த நாத்தம் எனக்கு ஆவாது. பூண்டு தட்டிப் போடுவேன்" என்றார். கேழ்வரகு வாங்கிக் கழுவிக் காயவைத்து, வீட்டில் இருக்கும் சின்ன மிஷினில் அவரே அரைக்கிறார். நான் நம்பவில்லை. லீவு போட்டு மூன்று நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். ஊறப்போட்டது முதல் தட்டில் விழுவது வரை பார்த்தேன். வேறு கடையாக இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். "குந்திகினு பாரு. இன்னாத்துக்கு இப்டிப் பாக்குற, கட்டிக்கினவளுக்கா? அப்ப நல்லாப் பாரு" என்றார். சரி என்று முத்திரை குத்திவிட்டேன்.

ஷர்மிளாவிடம் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். பிறகு சொன்னாள்: "அங்க வச்சு ஒண்ணு கேட்பேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஆறு நாளும் நான் காலையில குடிச்சது என் டப்பா கேழ்வரகுக் கஞ்சி. அந்த டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்பேன். பதில் சரியா இருந்தா அன்னிக்கே ஆவடிக்கு வர்றேன்."

அக்கா, ஆறாம் தேதிக்குள் எனக்கு உன் பதில் வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்தாய் என்று எழுதினாய். டப்பாவுக்குள் போட்டது என்ன?

தம்பி,
பாஸ்கரன்


திண்டுக்கல்,
30.6.2025

பாஸ்கரனுக்கு,

நான் சுகமாக இல்லை. மூன்று மாதத்துக்கு மேலாகச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரையால் அல்ல.

நான்தான் போட்டேன். எனக்காகக் கொண்டுவந்திருந்தேனே, வறுத்து அரைத்த சம்பா கோதுமை மாவு, அதில் பாதியை அவளுடைய கேழ்வரகு மாவு டப்பாவில் கொட்டிக் குலுக்கினேன். கேழ்வரகு நிறத்தில் கோதுமை தெரியாது. வறுத்ததால் வாசனையும் தெரியாது. அவள் குடித்துவிட்டு "அண்ணி, இன்னைக்குக் கஞ்சி நல்லா இருக்கு" என்றாள்.

எதற்குப் போட்டாய் என்று கேட்பாய். அவள் உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். கோதுமையில் சத்து இருக்கிறது, எனக்கே டாக்டர் கொடுக்கிறார், இவளுக்கு மட்டும் விஷமா என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். ஆறு நாள் குடித்துவிட்டு அவள் நன்றாகவே இருந்தால், இந்தா பார், நீ குடித்தது கோதுமைதான், இத்தனை நாள் நடித்தாய் என்று உன் முன்னால் டப்பாவைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று. இரண்டில் எதை முதலில் நினைத்தேன் என்று கேட்காதே.

ஐந்தாம் நாள் அவள் பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பூந்தமல்லி ஓட்டல் என்று நீ சொன்னாய், நான் தலையாட்டினேன். அவசரமாக ஊருக்குக் கிளம்பினேன். ஓட்டல்காரன் கலந்துவிட்டுச் சிரிக்கிறான், குமட்டுகிறது என்று நீ எழுதியதைப் படித்த அன்று தட்டை வைத்துவிட்டு எழுந்தவள்தான்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. உனக்கு இதில் சம்பந்தம் இல்லை. எல்லாம் நான் செய்தது. அவள் என்னைக் காறித் துப்பட்டும், உன்னோடு வீட்டுக்கு வரட்டும்.

பார்வதம்


ஆவடி,
7.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஏதாவது கொஞ்சம் சாப்பிடு. பட்டினி கிடப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நேற்று ஷர்மிளா வந்தாள். மாங்காட்டிலிருந்து தனியாகவே ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெஞ்சில் உட்காரவில்லை. நேராகப் பூங்காவனத்திடம் போய், மாவு எது, தண்ணீர் எது, தட்டு எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்றேன். பூங்காவனம் கூழ்ப் பானையைத் திறந்து காட்டினார். "உன் ஊட்டுக்காரன் மூணு நாளு இங்கியே குந்திகினு என் உசுர வாங்கிட்டான் கண்ணு. தெகிரியமா துன்னு" என்றார்.

இரண்டு இட்லி சாப்பிட்டாள். பிறகு இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். வெளியில் சாப்பிடும்போது அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கால் தேடிப் பார்ப்பாள். நேற்று அப்படித் தேடவில்லை. மென்றாள், விழுங்கினாள், சட்னி போதவில்லை என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதற்காக இன்னும் முப்பத்து நாலு கடை ஏறலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் கேட்டாள். "அந்த டப்பாவுல என்ன இருந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். மடித்து மேஜையில் வைத்தாள்.

"இது அண்ணியோட பதில். நான் உங்களைத்தானே கேட்டேன்?" என்றாள்.

அக்கா, இப்போது உனக்குச் சொல்கிறேன், அவளுக்குச் சொன்னதையே சொல்கிறேன். காணும் பொங்கல் அன்று காலையில் வண்டிச் சாவி எடுக்கச் சமையலறைப் பக்கம் வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் பொட்டலத்தை அவள் டப்பாவில் கவிழ்த்தாய், மூடினாய், இரண்டு கையாலும் குலுக்கினாய். உனக்குக் காது கேட்காது, நான் வந்தது தெரியவில்லை. அது என்ன மாவு என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் நீ அதைத்தான் கஞ்சி காய்ச்சினாய். ஒரு வார்த்தை சொல்லி உன் கையைப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்தான். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பூந்தமல்லிக்காரனிடம் கத்தியதும், உன்னிடம் திரும்பத் திரும்ப என்ன சமைத்தாய் என்று கேட்டதும் தெரியாமல் செய்தது இல்லை. உன் கையெழுத்தில் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அதைக் காட்டினால், எல்லாம் அக்காவின் வேலை என்று நான் நகர்ந்துவிடலாம் அல்லவா? என்னைத் தூக்கி வளர்த்தவளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ள ஐந்து மாதம் தபால் எழுதியிருக்கிறேன். முப்பத்து மூன்று கடை அடுப்படியிலும் வராத அளவுக்குக் குமட்டல் அதை வாய்விட்டுச் சொல்லும்போது வந்தது.

ஷர்மிளா அழவில்லை, கத்தவில்லை. "தெரியும்" என்றாள். "ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் கஞ்சி குடிக்கறப்ப நீங்க சமையல்கட்டுப் பக்கம் வந்ததில்ல. அந்த ஆறு நாளும் வந்து நின்னு, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் பார்த்தீங்க. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பதான் அது என்னன்னு புரிஞ்சுது. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

நான் இப்போது சொன்னேனே என்றேன். "லெட்டரைக் காட்டிட்டுச் சொன்னீங்க" என்றாள்.

தட்டில் பாக்கியிருந்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள். மிச்சம் வைக்கவில்லை. கை கழுவினாள். பூங்காவனத்திடம் அம்மாவுக்கு நாலு இட்லி கட்டச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்டாள். "தெனிக்கும் உண்டு கண்ணு" என்றார் அவர்.

பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"கடை நல்லா இருக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை நான் இங்க வந்து சாப்பிட்டுக்கறேன். நீங்க வராதீங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

தம்பி,
பாஸ்கரன்